ஒரு திருத்தம், எத்தனை கிளை?

காஞ்சிபுரத்தை ஒட்டி, வேகவதி ஆற்றுப் பக்கம் இருக்கிறது திருப்பருத்திக்குன்றம். சமணக் காஞ்சி என்று பெயர் பெற்ற ஊர். விஜயநகர அமைச்சர் இருகப்பர் 1387-இல் கட்டுவித்த சங்கீத மண்டபத்தில் நின்று, கூரை ஓவியங்களை அண்ணாந்து பார்த்துவிட்டுப் பயணிகள் கிளம்பிவிடுவார்கள். இந்த வட்டாரத்தில் அண்ணாந்து பார்க்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. பட்டுத்தறிக்கு மேலே உட்கார்ந்திருக்கும் ஜக்கார்டு பெட்டியும், அதிலிருந்து சரம் சரமாகத் தொங்கும் ஓட்டை போட்ட அட்டைகளும்.

கரையில் ஓடும் அன்னமும் யாளியும் அந்த அட்டைகளில்தான் இருக்கின்றன. முதலில் கிராஃப் தாளில் டிசைன் எழுதுகிறார்கள். பிறகு ஊடை இழை ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை என்று குத்தி, வரிசையாகக் கோக்கிறார்கள். ஓட்டை இருக்கும் இடத்தில் கொக்கி பாவு இழையைத் தூக்கும். இல்லாத இடத்தில் தூக்காது. 240 கொக்கிப் பெட்டி என்றால் ஓர் அட்டை 240 கேள்விகளுக்கு ‘தூக்கு’, ‘தூக்காதே’ என்று பதில் சொல்கிறது. பிரான்சின் லியோன் நகரத்து ஜோசப் மரி ஜக்கார்டு 1804 வாக்கில் முழுமைப்படுத்திய இந்த ஏற்பாட்டைக் கணினி நிரலின் மூதாதை என்று பாடப்புத்தகங்கள் சொல்வது சரிதான். நிரலின் இன்றைய தலைவலி ஒன்றும் அப்போதே அதில் இருந்தது என்பதை அவை சொல்வதில்லை.

ஒரே டிசைன் நாலைந்து தறிகளில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அட்டைக் கட்டும் நாலைந்து நகல். ஒரு தறிக்காரர் அன்னத்தின் கழுத்தில் ஓர் இழை தப்பாகத் தூக்குவதைக் கண்டுபிடிக்கிறார். சேலை முகூர்த்தத்துக்குப் போக வேண்டும், நேரமில்லை. அந்த ஓட்டையை அடைத்து, பக்கத்தில் வேறு ஓட்டை குத்திவிட்டு வேலையைத் தொடர்கிறார். அவர் தறியில் அன்னம் சரியாகிவிட்டது. மற்ற தறிகளில் ஆகவில்லை. மூலக் கிராஃப் தாளிலும் ஆகவில்லை. அடுத்த ஆண்டு அட்டை நைந்துபோய், மூலத்தைப் பார்த்துப் புதுக் கட்டு குத்தும்போது அதே கோணல் கழுத்து திரும்ப வந்து நிற்கும். பிழையைக் கண்டுபிடித்ததும் திருத்தியதும் சின்ன வேலை. திருத்தம் எங்கெல்லாம் போய்ச் சேர்ந்தது, எங்கே சேரவில்லை என்று கணக்கு வைப்பதுதான் பெரிய வேலை. மென்பொருள் வெளியீட்டில் கிளைகளை ஒத்திசைவாக வைத்திருப்பது என்றால் இந்தக் கணக்குதான்.

மென்பொருள் குழுக்கள் நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிவேடாக வைத்திருக்க இன்று பெரும்பாலும் பயன்படுத்துவது கிட் என்ற கருவி. லினக்ஸ் கெர்னலை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் அதைத் தொடங்கினார். கிட்டில் ஒவ்வொரு பதிவும் ஒரு கமிட். ஒவ்வொரு கமிட்டும் தனக்கு முந்தைய கமிட் எது என்று சொல்லும். ஓர் இடத்திலிருந்து இரண்டு பேர் இரண்டு விதமாகத் தொடர்ந்தால் கிளை பிரிகிறது.

கிளை ஏன் வேண்டும்? ஒரு கூட்டுறவுச் சங்கத்துக்கான பில் மென்பொருளை எடுத்துக்கொள்வோம். தீபாவளி விற்பனைக்கு முன் புதிய பதிப்பு கொடுத்தாக வேண்டும். ஆனால் குழுவில் பாதிப்பேர் பொங்கலுக்குத் தர வேண்டிய பெரிய மாற்றங்களில் இருக்கிறார்கள். அரைகுறை வேலை தீபாவளிப் பதிப்பில் கலந்துவிடக் கூடாது. ஆகவே ஒரு நாள் குறித்து, முக்கியக் கிளையிலிருந்து தீபாவளிக்கென்று வெளியீட்டுக் கிளை ஒன்றைப் பிரிக்கிறார்கள். அதில் இனிப் பிழைத்திருத்தம் மட்டும். புதிய வசதிக்கு இடமில்லை. முக்கியக் கிளையோ வழக்கம்போல ஓடிக்கொண்டிருக்கும். பிரித்த அந்தக் கணத்திலிருந்தே இரண்டும் விலகத் தொடங்குகின்றன.

தீபாவளிக்கு நான்கு நாள் இருக்கும்போது கல்லாவில் புகார் வருகிறது. 8,999 ரூபாய்ச் சேலைக்கு 20 சதவீதத் தள்ளுபடி போக 7,199 ரூபாய் 20 காசு என்று பில் வருகிறது. வாங்குகிறவர் 7,199 கொடுக்கிறார். இரவு கணக்கு முடிக்கும்போது ரொக்கம் இடிக்கிறது. நிரலாளர் தீபாவளிக் கிளையில் ஒரே ஒரு வரி சேர்க்கிறார்: மொத்தத்தை முழு ரூபாய்க்கு ரவுண்ட் செய். பிரச்சினை தீர்ந்தது. எல்லோரும் ஊருக்குப் போகிறார்கள். அந்த வரி முக்கியக் கிளைக்குப் போகவில்லை. பொங்கல் பதிப்பு முக்கியக் கிளையிலிருந்து வருகிறது. கல்லாவில் மறுபடியும் 20 காசு.

வாடிக்கையாளர் பார்வையில் இது புதிய பிழையைவிட மோசம். ஒருமுறை சரிசெய்து கொடுத்தது திரும்பக் கெட்டால், அடுத்த முறை ‘சரிசெய்துவிட்டோம்’ என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

சரி, இரண்டு கிளைகளையும் மெர்ஜ் செய்துவிட்டால் போதாதா? கிட் மெர்ஜ் செய்யும் விதம் அழகானது. அது இரண்டு கிளைகளை மட்டும் ஒப்பிடுவதில்லை. அவை பிரிந்த இடத்தை, பொது மூதாதையை, தேடிப்பிடித்து மூன்றாவது சாட்சியாக வைத்துக்கொள்கிறது. மூதாதையில் இல்லாத வரி தீபாவளிக் கிளையில் மட்டும் இருக்கிறதா? அப்படியானால் அது அங்கே சேர்க்கப்பட்டது, எடுத்துக்கொள். மூதாதையில் இருந்த வரி முக்கியக் கிளையில் இல்லையா? அங்கே நீக்கப்பட்டது; நீக்கு. ஒரே இடத்தை இரண்டு கிளைகளும் வெவ்வேறு விதமாக மாற்றியிருந்தால் மட்டும் கான்ஃப்ளிக்ட் என்று கையைத் தூக்கி மனிதரைக் கூப்பிடும்.

கிட் கையைத் தூக்காத இடத்தில்தான் எனக்குப் பயம் அதிகம். நம் பில் மென்பொருளிலேயே பார்ப்போம். பொங்கல் பதிப்புக்காக வேறொருவர் எல்லா விலைகளையும் ரூபாயிலிருந்து காசுக்கு மாற்றியிருக்கிறார்; வேறொரு கோப்பில் செய்த மாற்றம். இரண்டு கிளைகளும் ஒரே இடத்தைத் தொடவில்லை, எனவே மெர்ஜ் ஒரு சத்தமும் இல்லாமல் முடிகிறது. ஆனால் இப்போது மொத்தம் 7,19,920 காசு. அது ஏற்கெனவே முழு எண். ரவுண்ட் செய்யும் வரி நிரலில் இருக்கிறது, ஓடவும் ஓடுகிறது, ஒன்றும் செய்வதில்லை. பில்லில் அதே 7,199 ரூபாய் 20 காசு. கிட் ஒப்பிடுவது எழுத்துகளை, அர்த்தத்தை அல்ல. திருத்தத்தோடு கூடவே ‘8,999 ரூபாய்க்கு இந்தத் தொகைதான் வர வேண்டும்’ என்ற சோதனையையும் எழுதி, அதையும் எல்லாக் கிளைகளுக்கும் அனுப்பினால் இதில் தப்பிக்கலாம். ஒத்திசைவு என்று பேசும்போது நிரலைப் பற்றியே பேசுகிறோம். சோதனையையும் சேர்த்து அனுப்பாத திருத்தம் பாதித் திருத்தம்தான்.

இன்னொரு சிக்கல் கிட்டின் அடிப்படையிலேயே இருக்கிறது. ஒவ்வொரு கமிட்டுக்கும் 40 எழுத்து நீளத்தில் ஓர் அடையாள எண் உண்டு. கோப்புகளின் உள்ளடக்கம், எழுதியவர், நேரம், குறிப்பு, முந்தைய கமிட்டின் எண் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டு அதை உருவாக்குகிறது கிட். ஒரு கிளையிலிருந்து ஒரே ஒரு கமிட்டை மட்டும் பறித்து வேறு கிளையில் நடுவதற்குச் செர்ரி-பிக் என்று பெயர். நட்ட இடத்தில் அதற்கு முந்தைய கமிட் வேறு; ஆகவே அடையாள எண்ணும் வேறு. மாற்றம் ஒன்றுதான், ஆனால் பதிவேட்டில் அது வேறொரு ஆள். ‘இந்தத் திருத்தம் அந்தக் கிளையில் இருக்கிறதா’ என்று எண்ணை வைத்துத் தேடினால் இல்லை என்றே பதில் வரும்.

இதற்குக் கிட்டிலேயே மருந்து உண்டு, பலர் பயன்படுத்துவதில்லை. செர்ரி-பிக் செய்யும்போது ‘-எக்ஸ்’ என்ற விருப்பத்தைக் கொடுத்தால், எந்தக் கமிட்டிலிருந்து பறித்தது என்று குறிப்பிலேயே ஒரு வரி எழுதிவைக்கும். ‘கிட் செர்ரி’ என்ற கட்டளை, எண்ணைப் பார்க்காமல் மாற்றத்தின் உருவத்தையே ஒப்பிட்டு, ஒரு கிளையில் இருந்து மறு கிளையில் இல்லாதவற்றைப் பட்டியலிடும். ஆனால் நடும்போது கான்ஃப்ளிக்ட் வந்து கையால் கொஞ்சம் மாற்றியிருந்தால் உருவமும் மாறியிருக்கும். அப்போது இந்தப் பட்டியலும் ஏமாற்றும். எழுதிவைத்த அந்த ஒரு வரிதான் அப்போது துணை.

திருத்தத்தை முதலில் எங்கே எழுதுவது, எந்தத் திசையில் அனுப்புவது? இதில் இரண்டு கட்சிகள். டோர்வால்ட்ஸ் தொடங்கிய இரண்டு படைப்புகளுமே எதிரெதிர்க் கட்சியில் இருக்கின்றன. ஜூனியோ ஹமானோ 2005-இலிருந்து பராமரிக்கும் கிட் திட்டத்தில், பிழை எந்தப் பழைய கிளை வரை இருக்கிறதோ அங்கே திருத்தி, அதை மேல்நோக்கி மெர்ஜ் செய்துகொண்டே வருகிறார்கள். இந்த முறையில் எதுவும் விட்டுப்போகாது. பழைய கிளையில் இருப்பதெல்லாம் புதியதிலும் இருக்கிறது என்று வரலாறே சாட்சி சொல்லும். லினக்ஸ் கெர்னலில் தலைகீழ். கிரெக் குரோவா-ஹார்ட்மன் முன்னின்று பராமரிக்கும் நிலைத்த கிளைகளில் ஒரு திருத்தம் நுழைய வேண்டுமானால், அதே திருத்தம் முதலில் டோர்வால்ட்ஸின் மூலக் கிளையில் இருக்க வேண்டும் என்பது விதி. பழைய கிளைக்கு வரும்போது மூலக் கமிட்டின் எண்ணையும் குறிப்பில் சுமந்து வருகிறது.

கிளைகள் சில வாரங்களே வாழும் சின்னக் குழுவுக்கு முதல் முறை போதும் என்பது என் கருத்து. ஆண்டுக்கணக்கில் வாழும் கிளைகளுக்கு அது தாங்காது. நாலு வருடப் பழைய கிளையை இன்றைய கிளையோடு மெர்ஜ் செய்யப் போனால் திருத்தத்தைவிடக் குப்பை அதிகம் வந்து சேரும். பதிப்பு எண் எழுதிய கோப்பு ஒன்று போதும் தொல்லைக்கு. தீபாவளிக் கிளையில் 4.1 என்று இருப்பதை முக்கியக் கிளையின் 5.0 மேல் கொண்டுவரப் பார்க்கும். ஒவ்வொரு முறையும் கான்ஃப்ளிக்ட். இந்த மாதிரி இடத்துக்கென்றே, ‘மெர்ஜ் ஆனதாகப் பதிந்துகொள், உள்ளடக்கத்தை எடுக்காதே’ என்று சொல்ல ‘அவர்ஸ்’ என்ற உத்தி கிட்டில் இருக்கிறது. பதிப்பு எண் கமிட்டுக்கு மட்டும் அதைப் பயன்படுத்தலாம். அவசரத்தில் அதை உண்மையான திருத்தம் இருக்கும் கமிட்டுக்கும் சேர்த்துப் போட்டுவிட்டால், திருத்தம் வந்துவிட்டது என்று பதிவேடு சொல்லும், நிரலில் இருக்காது. கண்டுபிடிக்கவே முடியாத வகைப் பிழை அது.

ஒரே நிறுவனத்துக்குள் இருக்கும் கிளைகளே இப்படி என்றால், நிறுவனம் விட்டு நிறுவனம் பிரியும் கிளைகள்? நம் தமிழ்நாட்டிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ். தமிழ் உட்பட இந்திய மொழிகளில் பயன்படுத்தக்கூடிய இயங்குதளமாக 2007-இல் வெளிவந்தது. அரசு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸோடு இதுவும் இருந்தது. அந்த மாணவர்களில் பலருக்கு முதன்முதலில் பார்த்த லினக்ஸ் அதுவாகத்தான் இருந்திருக்கும். விண்டோஸ் எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்திய 2014-இல், அரசுத் துறைகள் பாஸ் லினக்ஸுக்கு மாறலாம் என்று தமிழக அரசு அறிவுறுத்தியது.

பாஸ் லினக்ஸ் வெறுங்கையிலிருந்து எழுதப்பட்டதல்ல. 1993-இல் இயான் மர்டாக் தொடங்கிய டெபியனின் கிளை அது. டெபியன் என்பதே ஆயிரக்கணக்கான தனித்தனித் திட்டங்களின் கிளைகளைத் தொகுத்து வைத்திருக்கும் களஞ்சியம். அதற்குள்ளும் புதியவை முதலில் இறங்கும் ‘சிட்’, அடுத்த வெளியீட்டுக்குத் தயாராகும் கிளை, வெளியிடப்பட்ட நிலைத்த கிளை என்று அடுக்குகள். ஆக, ஒரு மடிக்கணினியில் இருக்கும் சின்ன நிரல்கூட, எழுதியவரிடமிருந்து டெபியனுக்கும் டெபியனிலிருந்து சென்னைக்கும் கை மாறி வந்தது. மேலே ஒரு பாதுகாப்புத் திருத்தம் நடந்தால் அது அத்தனை படியும் இறங்கி வர வேண்டும்.

எக்ஸ்பியின் ஆதரவு முடிந்த நாள் 2014 ஏப்ரல் 8. அதற்கு முந்தைய நாள், ஏப்ரல் 7, ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை உலகத்துக்குத் தெரிந்தது. இணையத்தில் கடவுச்சொல்லும் வங்கி விவரமும் மறைகுறியாகப் போக உதவும் ஓப்பன் எஸ்எஸ்எல் நூலகத்தில் இருந்த பிழை அது. எதிர்முனை ‘இத்தனை பைட் அனுப்புகிறேன், திருப்பி அனுப்பு’ என்று பொய் சொன்னால், அளவைச் சரிபார்க்காமல் நினைவகத்தில் பக்கத்தில் இருந்ததையும் அள்ளிக் கொடுத்தது. 2012 மார்ச்சில் வந்த 1.0.1 பதிப்பிலிருந்து 1.0.1எஃப் வரை இந்தப் பிழை உண்டு. 1.0.1ஜி பதிப்பில் சரியானது.

அப்போது டெபியனின் நிலைத்த கிளையில் இருந்தது 1.0.1இ. டெபியன் 1.0.1ஜிக்குத் தாவவில்லை. இ-க்கும் ஜி-க்கும் நடுவே வேறு மாற்றங்களும் இருந்தன. நிலைத்த கிளை என்று வாக்குக் கொடுத்துவிட்டு அவற்றையும் இழுத்துவர முடியாது. அளவைச் சரிபார்க்கும் அந்த மாற்றத்தை மட்டும் பழைய பதிப்பில் நட்டார்கள். பேக்போர்ட் என்பது இதுதான். வெளிவந்த பொட்டலத்தின் பெயர் 1.0.1இ-2+டெப்7யு5. இதை வாசித்துப் பாருங்கள். 1.0.1இ என்பது மூலத் திட்டத்தின் பதிப்பு. 2 என்பது டெபியன் அதைப் பொட்டலம் கட்டிய தடவை. டெப்7 என்றால் டெபியன் 7 கிளைக்கு. யு5 என்றால் அந்தக் கிளையில் ஐந்தாவது புதுப்பிப்பு. ஒரு கிளையின் முழு வம்சாவளியும் அந்தப் பெயருக்குள் இருக்கிறது. முன் பகுதியை மட்டும் பார்த்து ‘1.0.1இ, ஓட்டை உள்ள பதிப்பு’ என்று முடிவுகட்டினால் தவறாகப் போகும். ஓட்டையை அடைத்த செய்தி கடைசி எழுத்துகளில் இருக்கிறது.

எதிர்த்திசையில் நடந்த விபத்து இன்னும் பெரிது. 2006 செப்டம்பரில் டெபியன் தன் ஓப்பன் எஸ்எஸ்எல் கிளையில் ஒரு சின்ன மாற்றம் செய்தது. நினைவகத்தைச் சோதிக்கும் கருவிகள் எச்சரிக்கை காட்டின. எச்சரிக்கைக்குக் காரணமான வரிகளைப் பராமரிப்பாளர் நீக்கினார். மூலத் திட்டத்தினரிடம் அவர் கேட்காமல் இல்லை. ஆனால் மாற்றம் மூலக் கிளைக்குள் போகவில்லை. அந்த நூலகத்தை வரிவரியாக அறிந்தவர்களின் முறையான பரிசீலனைக்கு உட்படாமல் டெபியன் கிளையிலேயே தங்கிவிட்டது. நீக்கியதில் ஒரு வரி, தற்செயல் எண்களை உருவாக்கத் தேவையான விதையைக் கலக்கும் வரி. அதன்பின் அந்தக் கணினிகளில் உருவான சாவிகளுக்கு ஒரே விதை, இயங்கும் நிரலின் வரிசை எண். வழக்கமான அமைப்பில் அதற்கு 32,768 வாய்ப்புகள்தான். எவ்வளவு நீளச் சாவியாக இருந்தாலும் 32,768 சாவியை வரிசையாகப் போட்டுப் பார்த்தால் பூட்டு திறக்கும்.

அர்ஜென்டினாவைச் சேர்ந்த டெபியன் பங்களிப்பாளர் லூசியானோ பெல்லோ கண்டுபிடித்து, 2008 மே 13 அன்று எச்சரிக்கை வெளியாகும்வரை இருபது மாதம் இது நீடித்தது. டெபியனிலிருந்து பிரிந்த உபுண்டுவுக்கும் பிழை அப்படியே இறங்கியிருந்தது. கிளைக்குக் கிளை நல்லது மட்டுமா இறங்கும்? புதுப்பிப்பைப் போட்டாலும் தீரவில்லை. அந்தக் காலத்தில் உருவாக்கிய சாவிகள் அத்தனையையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகச் செய்ய வேண்டியிருந்தது.

அந்த மாற்றம் மூலத் திட்டத்துக்கே ஒரு கமிட்டாகப் போயிருந்தால் அங்கே யாராவது தடுத்திருப்பார்கள் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் தடுக்கும் வாய்ப்பு அங்கேதான் இருந்தது. தன் கிளையில் மட்டும் வைத்துக்கொள்ளும் ஒவ்வொரு மாற்றமும் இரண்டு விதத்தில் செலவு வைக்கிறது. ஒவ்வொரு புதிய மூலப் பதிப்பின்மேலும் அதைத் திரும்ப நட வேண்டும். அதைவிட, மூலத்தை அறிந்த கண்கள் அதைப் பார்ப்பதில்லை. பாஸ் லினக்ஸ் போல நம் ஊரில் நடக்கும் முயற்சிகளில் எனக்கு அக்கறை உண்டு என்பதால் சொல்கிறேன்: தமிழ் எழுத்துருவிலோ விசைப்பலகையிலோ செய்யும் திருத்தம் நம் கிளையிலேயே தங்கினால், அடுத்த வெளியீட்டில் அதை நாமே மறுபடி சுமக்க வேண்டும். டெபியனுக்கும் அதற்கு மேலே மூலத் திட்டத்துக்கும் அனுப்பி ஏற்கச் செய்தால், சிங்கப்பூரிலும் யாழ்ப்பாணத்திலும் தமிழ் தட்டுகிறவருக்கும் அது தானாக இறங்கிப் போகும்.

இந்தக் கணக்கை எழுதிவைக்க டெபியனில் ஒரு முறை இருக்கிறது. டெப்-3 என்று பெயர். மூல நிரலின்மேல் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தின் தலைப்பிலும் எதற்காகச் செய்தது, எங்கிருந்து வந்தது, மூலத் திட்டத்துக்கு அனுப்பியாயிற்றா, அங்கே ஏற்றுக்கொண்டார்களா என்று எழுத இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அனுப்பவில்லை என்றால் ‘இல்லை’ என்றோ, இங்கே மட்டும் தேவைப்படுவதால் ‘தேவையில்லை’ என்றோ எழுதலாம்.

நம் பில் மென்பொருள் குழுவுக்கு இவ்வளவு ஏற்பாடு வேண்டாம். பொங்கல் பதிப்புக்கு எண் கொடுக்கும் முன், தீபாவளிக் கிளையில் இருந்து முக்கியக் கிளையில் இல்லாத கமிட்டுகளின் பட்டியலை எடுத்துச் சுவரில் ஒட்டட்டும். ஒவ்வொரு வரிக்கும் எதிரே ‘கொண்டுவந்தாயிற்று’ அல்லது ‘இங்கே வேண்டாம், காரணம் இது’ என்று ஒருவர் எழுதிக் கையெழுத்துப் போடட்டும். பதிப்பு எண் கமிட்டுக்கு எதிரே ‘வேண்டாம்’ வரும். ரவுண்ட் செய்யும் வரிக்கு எதிரே எழுதப் போகிறவர், விலைகள் இப்போது காசில் இருக்கின்றன என்பதை அந்த இடத்தில் கவனிப்பார்.